விஜிலென்ஸ்காரியிடம் கல்யாணப் பந்தியில் கேட்கிற கேள்விகள்

தில்லியில் நம்மவர்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் இரண்டு பேர் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. ஒருவர் டாக்டர். இன்னொருவர் என்னைப் போல, அரசு ஊழியர்கள் மேல் வரும் புகார்களைப் பார்க்கும் விஜிலென்ஸ் பிரிவில் குப்பை கொட்டியவர். சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் குரலை இறக்கிக்கொண்டு, “மேடம், ஒரு சின்ன சந்தேகம்” என்று ஆரம்பிப்பார். பெரும்பாலும் அந்தச் சந்தேகம் அவருடைய நண்பர் ஒருவருக்கு வந்ததாக இருக்கும்.

நான் மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் அசிஸ்டன்டாகச் சேர்ந்து அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவள். எந்த அமைச்சகம் என்று சொல்லப்போவதில்லை. எங்கே போனாலும் விஜிலென்ஸ் பிரிவு ஒரே அச்சுதான்: வராந்தாவின் கடைசி அறை, இரட்டைப் பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி, ரகசியம் என்று முத்திரை குத்திய பழுப்பு உறைகள். மற்ற செக்‌ஷன்காரர்கள் டீ குடிக்கக்கூட அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார்கள். கேன்டீனில் நாம் போய் உட்கார்ந்தால் பேச்சு சட்டென்று தில்லி வெயிலுக்கு மாறிவிடும்.

போன வருடம் என் அண்ணன் மகன் எஸ்.எஸ்.சி. தேர்வில் தேறி, அசிஸ்டன்ட் செக்‌ஷன் ஆபீசராகத் தில்லிக்கு வந்து சேர்ந்தான். விருதுநகர்ப் பக்கத்துப் பிள்ளை. துவாரகாவில் எங்கள் வீட்டில்தான் ஜாகை. வந்த சில நாட்களிலேயே பைக் வாங்கக் கிளம்பிவிட்டான்.

“அத்தை, பைக் வாங்குறதுக்குமா கவர்மென்ட்கிட்ட சொல்லணும்?”

“தாராளமா வாங்கு. வாங்கிட்டு ஒரு மாசத்துக்குள்ள எழுதிக் குடு.”

“எழுதிக் குடுத்தா என்ன செய்வாங்க?”

“ஒண்ணும் செய்ய மாட்டாங்க. ஃபைல்ல போட்டு வைப்பாங்க.”

“அப்புறம் எதுக்கு?”

நியாயமான கேள்விதான். அவனுக்கு அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டிய அசையும் சொத்து எதை வாங்கினாலும் விற்றாலும் ஒரு மாதத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவன் கணக்குப்படி 89,800. இன்றைக்கு நல்ல பைக் எதுவும் அந்தத் தொகைக்குள் அடங்காது. வீடு, மனை என்றால் வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். விற்கிறவருக்கு நம் அலுவலகத்தோடு கொடுக்கல் வாங்கல் இருந்தால் சொன்னால் மட்டும் போதாது, முன் அனுமதியே வேண்டும். பங்குச் சந்தையில் ஒரு வருடத்து வர்த்தகம் ஆறு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால் அதற்கும் ஒரு படிவம் உண்டு. தினமும் வாங்கி விற்று விளையாடுவது ஊக வணிகம், அது கூடவே கூடாது. (இதைச் சொன்னபோது அவன் முகம் வாடியது. ஏற்கெனவே மொபைலில் ஏதோ ஆப் வைத்திருந்தான்.)

இதெல்லாம் 1964-இல் வந்த மத்திய குடிமைப் பணிகள் நடத்தை விதிகள். மூன்றாவது விதிதான் எல்லாவற்றுக்கும் தாய். எப்போதும் முழு நேர்மையோடு இரு, கடமையில் ஈடுபாட்டோடு இரு, அரசு ஊழியனுக்குத் தகாத எதையும் செய்யாதே என்று சொல்கிறது. படிக்க அழகாக இருக்கும். சார்ஜ்ஷீட் எழுத உட்கார்ந்தால்தான் அதன் அருமை தெரியும், எந்தத் தப்பும் அதற்குள் அடங்கிவிடும். வேறு எந்த விதியிலும் ஆள் சிக்காவிட்டால் மூன்றாவது விதியில் சிக்குவார்.

தில்லித் தமிழர்களுக்கு அதிகம் தெரியாத இரண்டு விதிகளைச் சொல்கிறேன். பன்னிரண்டாவது விதி, எந்தக் காரியத்துக்காகவும் முன் அனுமதி இல்லாமல் வசூலில் இறங்கக் கூடாது என்கிறது. எந்தக் காரியத்துக்காகவும் என்றால் கோயில் கும்பாபிஷேகமும் அதில் சேர்த்தி. ஞாயிற்றுக்கிழமை ரசீதுப் புத்தகத்தோடு குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக ஏறி இறங்கும் நம் செக்‌ஷன் ஆபீசர் மாமாக்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. பதினைந்தாவது விதி, குடும்பத்தில் யாராவது வியாபாரம் செய்தாலோ இன்ஷூரன்ஸ் ஏஜென்சி வைத்திருந்தாலோ அரசுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. ஆர்.கே. புரத்தில் ஒரு காலத்தில் எத்தனை வீட்டில் கட்டிலுக்கடியிலிருந்து காஞ்சிபுரம் பட்டு வெளியே வரும் தெரியுமா? லீவில் ஊருக்குப் போய்வரும்போது பத்துப் புடவை எடுத்து வந்து தவணையில் விற்பார்கள். நானும் வாங்கியிருக்கிறேன். எந்தக் கணவரும் அதற்காக ஒரு துண்டுக் காகிதம் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. மனைவி விற்கலாம், தப்பே இல்லை. ஆனால் கணவர் அலுவலகத்தில் சக ஊழியர்களிடம் புடவைக்கு ஆள் பிடித்தால் அது தப்பு.

பரிசு விஷயத்துக்கு வருவோம், பந்தியில் அதிகம் வரும் கேள்வி அதுதான். கல்யாணம், காதுகுத்து மாதிரி விசேஷங்களில் நெருங்கிய சொந்தக்காரர்கள் வழக்கப்படி செய்வதை வாங்கிக்கொள்ளலாம். அரசு ஊழியர்களைப் பதவி வரிசைப்படி ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறார்கள். என் அண்ணன் மகன் பி பிரிவு. 15,000 ரூபாய்க்கு மேல் போனால் தெரிவிக்க வேண்டும். தாய்மாமன் ஒரு சங்கிலி போட்டாலே போதும், இன்றைய தங்க விலைக்குப் படிவம் எழுத உட்கார வேண்டியதுதான். சொந்தமும் இல்லாமல் நெருங்கிய நண்பரும் இல்லாமல் வேறு யாராவது கொடுத்தால், ஏ, பி பிரிவுக்காரர்கள் 5,000 ரூபாய்க்கு மேல் அரசு அனுமதி இல்லாமல் தொடக் கூடாது, சி பிரிவுக்கு 2,000. சாதாரணமாக ஒரு வேளை சாப்பிடுவது, போகிற வழியில் வண்டியில் ஏற்றி இறக்கிவிடுவது, இதெல்லாம் பரிசு ஆகாது என்று விதியே விளக்கம் சொல்கிறது. ஆடம்பர உபசாரமும் அடிக்கடி உபசாரமும்தான் ஆகாது.

அமெரிக்காவில் அரசு வேலையில் இருக்கும் ஒரு சொந்தக்காரப் பையனுக்கு இந்தத் தொகைகளைச் சொன்னபோது சிரித்தான். அங்கே அரசு நெறிமுறை அலுவலகம் என்றே தனியாக ஒன்று இருக்கிறது. வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1978-இல் சட்டம் போட்டு உண்டாக்கியது. அவர்கள் கணக்கு ஒரு தடவைக்கு 20 டாலர், ஒரே ஆளிடமிருந்து வருடத்துக்கு 50 டாலர். அதற்கு மேல் ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தால்கூட யோசிக்க வேண்டும். அந்த அலுவலகமும் யாரையும் போய்ப் பிடிப்பதில்லை. விதி எழுதும், பெரிய அதிகாரிகளின் சொத்து அறிக்கைகளை ஆராயும், ஆலோசனை சொல்லும். விசாரிப்பது வேறு ஆட்கள் வேலை. நம் ஊரில் மேலே இருக்கும் கமிஷனும் (அதைப் பின்னால் சொல்கிறேன்) யோசனைதான் சொல்லும். இரண்டு ஊரிலும் ஒரே கதை என்று தெரிந்தபோது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

தீபாவளி டப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தில்லி அரசு அலுவலகத்தைப் பற்றி எழுதியதாகவே ஆகாது. சிவப்பு வெல்வெட் சுற்றிய பெட்டி. மூடியைத் திறந்தால் பாதாம், முந்திரி, திராட்சை, பிஸ்தா என்று நான்கு கட்டம். அந்தத் தட்டைத் தூக்கினால் சில பெட்டிகளில் அடியில் லட்சுமி படம் போட்ட வெள்ளிக் காசு இருக்கும். யாருக்குத் தட்டோடு, யாருக்குக் காசோடு என்பதைக் கான்ட்ராக்டர் வீட்டுக் கணக்குப்பிள்ளை நம் பதவிக்குத் தகுந்தபடி முன்கூட்டியே பிரித்து வைத்திருப்பார். எங்களுக்கு ஒரு டைரக்டர் இருந்தார், பஞ்சாபி. வந்த பெட்டியைப் பிரிக்காமல் அலுவலக டிரைவரிடம் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். கூடவே ஒரு வரிக் கடிதம்: அன்புக்கு நன்றி, ஏற்க இயலவில்லை. கடிதத்தின் நகல் ஃபைலில் ஏறும். அவருக்குப் பின்னால் வந்தவர் பெட்டிகளைப் பியூன்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தான் எதையும் தொடவில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்வார். பிரித்துக் கொடுத்தாலும் வாங்கியது வாங்கியதுதானே! அவரிடம் போய் யார் சொல்வது.

இதில் வேடிக்கை, படேல் பிறந்தநாளான அக்டோபர் 31 வரும் வாரத்தில்தான் விஜிலென்ஸ் விழிப்புணர்வு வாரம். வாசலில் பேனர், வராந்தாவில் கோலப் போட்டி, கான்பரன்ஸ் ஹாலில் எல்லாரும் எழுந்து நின்று நேர்மை உறுதிமொழி. தீபாவளியும் அதை ஒட்டியே வந்துவிடும். உறுதிமொழி எடுத்துவிட்டு வெளியே வந்தால் லிஃப்ட் பக்கத்தில் பெட்டிகளோடு ஒரு பையன் நின்றுகொண்டிருப்பான்.

சரி, இதையெல்லாம் மேலே இருந்து யார் பார்க்கிறார்கள்? ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய், சின்ன வெங்காயம், நேந்திரங்காய் வாங்கப் போகிறவர்கள் சதர்க்தா பவன் என்ற கட்டடத்துக்குப் பக்கத்தில்தான் போய்வருகிறார்கள். மத்திய விஜிலென்ஸ் கமிஷன் அங்கேதான் இருக்கிறது. அதற்கு விதை போட்டவர் ஒரு தமிழர் என்பது பந்தியில் நான் எடுத்துவிடும் செய்தி. 1962-இல் லால் பகதூர் சாஸ்திரி உள்துறை அமைச்சராக இருந்தபோது ஊழல் தடுப்புக்கு ஒரு கமிட்டி போட்டார். தலைவர் கே. சந்தானம், அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர். அந்தக் கமிட்டி சொன்னபடி 1964 பிப்ரவரியில் கமிஷன் பிறந்தது. நடத்தை விதிகள் புதிதாக வந்ததும் அதே வருடம்தான். நிட்டூர் ஸ்ரீனிவாச ராவ் முதல் கமிஷனர்.

அப்போது அது வெறும் அரசுத் தீர்மானத்தில் நின்ற அமைப்பு. 1997-இல் ஹவாலா வழக்கில், வினீத் நாராயண் வழக்கு என்று சொல்வோமே அதில், உச்ச நீதிமன்றம் அதற்குச் சட்ட அந்தஸ்து கொடு என்றது. சட்டமாக 2003-இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் கமிஷன் யோசனைதான் சொல்லும். ஏ பிரிவு அதிகாரி மேல் புகார் என்றால் எங்களைப் போன்ற பிரிவு ஃபைலைத் தயார் செய்யும், அமைச்சகத்தின் தலைமை விஜிலென்ஸ் அதிகாரி (சி.வி.ஓ.) அதைக் கமிஷனுக்கு அனுப்புவார். பெரிய தண்டனைக்கான நடவடிக்கை எடு, சின்னதற்கு எடு, அல்லது மூடிவிடு என்று கமிஷனிலிருந்து பதில் வரும். தண்டனை கொடுக்கும் கை அமைச்சகத்தின் கைதான். பி, சி பிரிவுக்காரர்களை அந்தந்த அலுவலகமே பார்த்துக்கொள்ளும். டி.வி.யில் ரெய்டு, பணக்கட்டு, அழுகிற முகம் என்று காட்டுகிறார்களே, அது சி.பி.ஐ. எங்கள் பிரிவில் ஒரு நாளும் யாரும் கதவை உடைத்ததில்லை. அலமாரிச் சாவி தொலைந்த அன்று தவிர.

எங்கள் வேலை தபால் பிரிப்பதில் ஆரம்பிக்கும். புகார் வந்தால் முதலில், இதை எழுதியது நீங்கள்தானா என்று புகார்க்காரருக்கே ஒரு கடிதம் போகும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல். எத்தனையோ கடிதங்கள் ‘இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை’ என்று தபால்காரர் கிறுக்கலோடு திரும்பி வரும். சில சமயம் அந்த முகவரியில் உண்மையிலேயே ஓர் ஆள் இருப்பார், பதறிப்போய், நான் எழுதவே இல்லை ஐயா என்று பதில் போடுவார். 1999-இல் என். விட்டல் கமிஷனராக இருந்தபோது மொட்டைக் கடிதத்தின் மேல் நடவடிக்கையே கூடாது என்று உத்தரவு போட்டார். அதற்கு முன்னால் மொட்டைக் கடிதத்துக்கு இருந்த மவுசு இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பிரமோஷன் பட்டியல் தயாராகிற மாதத்தில் தபால்பை வழக்கத்தைவிடக் கனமாக வரும்.

பெயர் போட்டு எழுதுகிறவர்களுக்கு ஆபத்து இருக்கிறது என்பதும் உண்மை. தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, 2003 நவம்பரில் கயாவில் கொல்லப்பட்டார். தன் பெயரை வெளியே விட வேண்டாம் என்று அவர் கேட்டிருந்தார். பெயரோடுதான் அந்தக் கடிதம் மேசை மேசையாகப் போனது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 2004-இல் ஒரு தீர்மானம் வந்தது. புகாரை மூடிய உறையில் வைத்து, பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின் கீழ் புகார் என்று உறை மேல் எழுதி, கமிஷனின் செயலாளருக்கு அனுப்பினால் பெயர் வெளியே வராது. உறையின் மேல் அனுப்புநர் பெயர் எழுத வேண்டாம், உள்ளே எழுதினால் போதும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் பந்தியில் யார் கேட்டாலும், ரசம் ஆறினாலும் பரவாயில்லை என்று முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கவளம் எடுப்பேன்.

ஆனால் எங்கள் தபாலில் இப்படிப்பட்ட புகார்கள் அபூர்வம். அடிக்கடி வருவது வீட்டுக்குள்ளிருந்து. பாகப்பிரிவினையில் மனம் கசந்த தம்பி, விவாகரத்து வழக்கில் மாமனார், கடன் கொடுத்து ஏமாந்த மச்சான். இந்தப் புகார்களில் விவரம் பொய்யாக இருந்தாலும் துல்லியமாக இருக்கும். பீரோவின் எந்தத் தட்டில் எத்தனை பவுன் என்பதுவரை எழுதியிருப்பார்கள். வெளியாளுக்கு அது எப்படித் தெரியும்?

மதுரைப் பக்கத்து அதிகாரி ஒருவர் மேல் அவருடைய மச்சானே எழுதினார். ஊரில் தோட்டமும் கிணறும் பம்ப்செட்டும் இருக்கின்றன, லஞ்சப் பணத்தில் வாங்கியது என்று. சர்வே எண்ணோடு எழுதியிருந்தார். வருடா வருடம் ஜனவரி 31-க்குள் கொடுக்கும் அசையாச் சொத்து அறிக்கைகளை எடுக்கச் சொன்னார் எங்கள் சி.வி.ஓ. அப்போதெல்லாம் எல்லாம் காகிதம். பழைய ஆவண அறையில் தூசி தட்டி எடுத்த கட்டில் இருபது வருடத்துக்கு முந்தைய அறிக்கை ஒன்று கிடைத்தது. அம்மா தான செட்டில்மென்டாக எழுதிக் கொடுத்தது, இத்தனை சென்ட், இன்ன பத்திர எண் என்று பச்சை மையில் எழுதியிருந்தார் மனிதர். அதே சர்வே எண். ஒரு பக்க நோட்டிங்கில் ஃபைல் மூடியது. அண்ணன் மகனின் ‘எதுக்கு’வுக்கு நான் சொன்ன பதில் இந்தக் கதைதான். அந்த இருபது வருடத்தில் அந்தக் காகிதத்தை ஒரு ஜீவன் படித்திருக்காது. படிக்க வேண்டிய ஒரு நாளில் அது இருந்தது.

எதிர்க்கதையும் உண்டு. லஞ்சம் வாங்குகிறவர்களின் காகிதம் நம் காகிதத்தைவிடச் சுத்தமாக இருக்கும். என் அனுபவத்தில், அறிக்கையைத் தாமதமாகக் கொடுத்து, கணக்குப் பிசகி, இரண்டு மெமோ வாங்குகிறவர் பெரும்பாலும் வெகுளி. எல்லாக் கட்டத்திலும் ஒரே கையெழுத்தில் ‘மாற்றம் இல்லை’ என்று எழுதி ஜனவரி முதல் வாரமே கொடுத்துவிடுகிறவரைத்தான் நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பேன். அவர்கள் சொத்தெல்லாம் மாமியார் பெயரில் இருக்கும். அதைத் தேடிப்போகும் ஆளும் நேரமும் எங்களுக்குக் கிடையாது. ஆக, எழுதி வாங்குவதில் இந்த ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. எழுதியதைப் படிப்பதில் மந்தம். எடுத்ததை முடிப்பதில் படுமந்தம்.

முடிக்காமல் வைப்பதுதான் இதில் பெரிய தண்டனை என்று பிரிவுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும். கண்டனம், சம்பள உயர்வு நிறுத்தம், பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் என்று விதிப்புத்தகத்தில் வரிசையாக இருக்கும். அவற்றை நினைத்து யாரும் ராத்திரி தூக்கம் கெடுவதில்லை. தூக்கம் கெடுவது விஜிலென்ஸ் கிளியரன்ஸ் என்ற ஒற்றைக் காகிதத்தால். பிரமோஷனுக்கு, டெபுடேஷனுக்கு, பாஸ்போர்ட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அதில் இவர் மேல் வழக்கு நிலுவையில் உள்ளது என்று ஒரு வரி விழுந்தால் வேறு தண்டனையே வேண்டாம்.

சீல் வைத்த உறையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பிரமோஷன் கமிட்டி கூடும். சார்ஜ்ஷீட் வாங்கிய அதிகாரியையும் மற்றவர்களோடு சேர்த்தே மதிப்பிடுவார்கள், ஆனால் முடிவைச் சொல்ல மாட்டார்கள். தகுதி, தகுதியில்லை என்று எழுதிய தாளை மடித்து ஓர் உறைக்குள் வைப்பார்கள். எங்கள் பியூன் ராம் சேவக், அது அவர் உண்மைப் பெயர் இல்லை, அரக்குக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி நான்கு மூலையிலும் நடுவிலும் சொட்டவிட்டுப் பித்தளை முத்திரையை அழுத்துவார். அழுத்துவதற்கு முன் முத்திரையை எச்சில் தொட்டு ஈரமாக்கிக்கொள்வார், இல்லாவிட்டால் அரக்கு ஒட்டிக்கொண்டு பிய்ந்துவரும். உறை மேல், ஒழுங்கு நடவடிக்கை முடியும்வரை பிரிக்கக் கூடாது என்று எழுதி இரும்பு அலமாரிக்குள் போகும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நிலைமை என்ன என்று பரிசீலிக்க வேண்டும் என்பது விதி. பரிசீலிப்போம். நிலைமை அதேதான் என்று எழுதுவோம்.

1991-இல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம், சார்ஜ்ஷீட் கொடுத்த பிறகுதான் உறையில் வைக்கலாம், சும்மா சந்தேகத்துக்கெல்லாம் வைக்கக் கூடாது என்று சொன்னது. அதனால் நிறையப் பேர் தப்பித்தார்கள். சார்ஜ்ஷீட் வாங்கியவர்கள் தப்பவில்லை. ஒரு கணக்கு அதிகாரி, ஏதோ பில்லில் இரண்டாவது கையெழுத்துப் போட்டவர். முதல் கையெழுத்துப் போட்டவர் நடுவில் இறந்துபோனார். சாட்சிகளில் ஒருவர் மாற்றலாகிப் போனார், இன்னொருவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். விசாரணை அதிகாரி மூன்று பேர் மாறினார்கள். கடைசியில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. உறையை வெட்டியபோது நான் இருந்தேன். உள்ளே தகுதி என்றுதான் இருந்தது, ஆரம்பத்திலிருந்தே. அவருக்குக் கீழே இருந்தவர் பிரமோஷன் வாங்கிய தேதியிலிருந்து இவருக்கும் கொடுத்தோம், காகிதத்தில். அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருந்தார். பென்ஷனைத் திருத்தி வாங்கிக்கொண்டு போனார். பட்டியலில் அவருக்குக் கீழே இருந்த அந்த ஆள்தான் இத்தனை வருடமும் அவருக்கு மேலதிகாரி.

இதே ஏற்பாடு உச்சியில் எப்படி என்று பார்த்தவர்களுக்கு 2011 மார்ச் 3 மறக்காது. பாமாயில் இறக்குமதி வழக்கில் பெயர் இருந்த பி.ஜே. தாமஸை 2010-இல் மத்திய விஜிலென்ஸ் கமிஷனராகவே நியமித்தார்கள். தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சுஷ்மா ஸ்வராஜ் எதிர்த்தும் நடந்தது. நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆள் எப்படிப்பட்டவர் என்பதல்ல கேள்வி, அந்த நாற்காலியின் நம்பகத்தன்மை என்ன ஆகும் என்பதே கேள்வி என்ற மாதிரி அந்தத் தீர்ப்பு போகும். எங்கள் பிரிவில் அன்று ஓர் எல்.டி.சி., கீழ்நிலைக் கிளார்க், கேட்டார்: “மேடம், ஒரு கிளார்க் பாஸ்போர்ட் கேட்டாலே நாம நாலு இடத்துல கிளியரன்ஸ் கேக்குறோம். அவருக்கு யாரு கிளியரன்ஸ் குடுத்தாங்க?” நான் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போதும் என்னிடம் பதில் இல்லை.

2000 ஜனவரியில் விட்டல், நடவடிக்கைக்குக் கமிஷன் பரிந்துரைத்த அதிகாரிகளின் பெயர்களை இணையத்தில் போட்டபோது ஊரே கைதட்டியது. நான் தட்டவில்லை. பரிந்துரை வேறு, தீர்ப்பு வேறு. பட்டியலில் பெயர் வந்து பிறகு குற்றமற்றவர் என்று ஆனவரின் பெயரை யாரும் அப்படிப் பெரிதாகப் போடப்போவதில்லை. என் கணவருக்கு இதில் என்னோடு ஒத்துப்போகாது. பயமாவது இருந்ததே என்பார். இருபத்தைந்து வருடமாக இந்த வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது, நடுவில் இரண்டு வீடு மாறினோம்.

இப்போது நானே ஒரு துறைக்கு விசாரணை அதிகாரி. ஓய்வு பெற்றவர்களைப் பட்டியலில் சேர்த்து, ஒரு வழக்குக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம் கொடுப்பார்கள். விசாரணையை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2017-இல் விதியைத் திருத்தினார்கள். நல்ல விதி. முடியாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஆறு மாதம் வரை நீட்டித்து வாங்கலாம் என்று அடுத்த வரியே சொல்கிறது.

போன வாரம் ஓர் அமர்வு. குற்றம் சாட்டப்பட்டவர் ஸ்டோர் கணக்குப் பார்க்கும் ஊழியர், கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். அரசுத் தரப்பில் வந்த அதிகாரி, அசல் ரிஜிஸ்டர் இன்னொரு வழக்குக்காகக் கோர்ட்டில் இருக்கிறது, நகல்தான் இருக்கிறது என்றார். ஊழியர் தரப்பை எடுத்துச் சொல்ல உதவியாளராக வரவேண்டியவர் ஊரில் கோதுமை அறுவடை என்று லீவு எழுதி அனுப்பியிருந்தார். அசல் இல்லாமல் சாட்சியைக் கேட்க முடியாது, உதவியாளர் இல்லாமல் அவரைக் கேட்பது நியாயம் இல்லை. அடுத்த தேதி போட்டேன். அசலைக் கோர்ட்டிலிருந்து சான்றொப்பம் பெற்ற நகலாகவாவது வாங்கி வாருங்கள், அடுத்த தடவை இதே காரணத்தைக் கேட்க மாட்டேன் என்று அன்றைய ஆணைத்தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். நடுவில் கேன்டீன் பையன் டீ கொண்டுவந்தான். அந்த ஊழியர் சட்டென்று எழுந்து பையில் கையை விட்டார். உட்காருங்க பாய்சாப் என்று சொல்லிவிட்டு, மூன்று டீக்கும் நானே காசு கொடுத்தேன்.